வெர்சாய்: எந்த ரயில், எந்தக் கிழமை, எந்த நேரம்?

கேள்வி: பாரிஸிலிருந்து ஒரே நாளில், பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனை இருக்கும் வெர்சாய் போய்த் திரும்ப நினைக்கிறோம். ஆர்.இ.ஆர் சி (RER C) புறநகர் ரயிலில் ஏறினால் போதுமா? – வாசகர், திருச்சி

எந்தக் கிளைக்குப் போகும் ரயில் என்று பார்த்து ஏறுங்கள். அரண்மனைக்குக் கிட்டத்தில் இருப்பது ‘வெர்சாய் ஷாட்டோ ரிவ் கோஷ்’ நிலையம். இறங்கினால் பத்து நிமிட நடை. சி தடத்தின் ஒரு கிளை அங்கே முடிகிறது. இன்னொரு கிளை ரயில் உங்களை ‘வெர்சாய் ஷான்டியே’ நிலையத்தில் விட்டுவிடும். அங்கிருந்து நடை இரண்டு மடங்கு. பலகையில் ரயிலின் பெயர் ‘வி’ (V) எழுத்தில் தொடங்குகிறதா, கடைசி நிறுத்தம் ‘ரிவ் கோஷ்’தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை பாரிஸ் நகருக்குள் சி தடத்தைப் பராமரிப்புக்காக மூடுவது வழக்கம். அப்போது பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ‘என்’ (N) தடத்தில் ஷான்டியே போகலாம். சான்லசார் நிலையத்திலிருந்து ‘எல்’ (L) தடத்தில் வெர்சாயின் ‘ரிவ் துருவாத்’ நிலையமும் போகலாம். பயணச்சீட்டை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈஸி அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையைக் குடும்பமே தேய்க்க முடியாது.

கேள்வி: எந்தக் கிழமை போனால் கூட்டம் குறைவு? – வாசகி, கோயம்புத்தூர்

திங்கள் விடுமுறை. செவ்வாயைத் தவிர்த்துவிடுங்கள்: பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை என்பதால், அங்கே போக வேண்டியவர்களும் இங்கே வந்து நிற்பார்கள். ஞாயிறும் நெரிசல்தான். புதன், வியாழன், வெள்ளி நல்லது.

அரண்மனை காலை 9 மணிக்குத் திறக்கும். தோட்டத்துக்கு அப்பால் தனியாக இருக்கும் திரியானோன் மாளிகைகளும் அரசி மரி அந்துவானெத்தின் சிற்றூரும் பகல் 12-க்குத்தான். முதலில் திரியானோனைப் பார்த்துவிடலாம் என்று காலையிலேயே அங்கே நடப்பவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வாங்க வேண்டிய சீட்டின் பெயர் ‘பாஸ்போர்ட்’. வெறும் ‘அரண்மனை’ சீட்டில் திரியானோன் சேராது. சீட்டில் நுழைவு நேரம் இருக்கும். காலை 9 மணி கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை.

கண்ணாடி மண்டபத்தின் நீளம் 73 மீட்டர். 17 சன்னல்களுக்கு எதிரே 17 வளைவுகள், வளைவுக்கு 21 கண்ணாடி, ஆக 357. சன்னல்கள் மேற்குப் பார்த்தவை. அதனால் வெயில் நேராக உள்ளே விழுவது பிற்பகலில். காலையில் ஒளி மங்கல், ஆனால் தரையைப் பார்க்க இடம் இருக்கும். படம்தான் முக்கியம் என்றால் கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் வாருங்கள்.

கேள்வி: தோட்டத்தில் நீரூற்றுகள் ஓடவே இல்லை என்று போய்வந்த உறவினர் குறைப்பட்டார். ஏன்? – வாசகர், மதுரை

வெர்சாய் ஒரு மேட்டு நிலம். பக்கத்தில் ஆறு கிடையாது. மன்னர் 14-ஆம் லூயி காலத்திலேயே தண்ணீர்தான் பெரும் தலைவலி. சேன் ஆற்றங்கரையில் 14 பெரிய சக்கரங்களோடு ‘மார்லி இயந்திரம்’ அமைத்து, 1684-இல் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. மன்னர் நடந்துவரும் பக்கம் மட்டும் ஊற்றைத் திறந்து, அவர் கடந்ததும் மூடினார்கள். அடுத்த ஆளுக்குச் சீழ்க்கையடித்துச் சொல்வார்கள். இன்றும் மேட்டுத் தேக்கங்களிலிருந்து தண்ணீர் தன் அழுத்தத்தில்தான் பீறிடுகிறது. அதனால் நாள் முழுக்க ஓடாது.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சனி, ஞாயிறுகளிலும், சில செவ்வாய்களிலும், குறித்த மணி நேரங்களில் ஓடும். ‘இசைத் தோட்டம்’ என்று போட்டிருக்கும் நாளில் பாட்டு கேட்கும், பெரும்பாலான ஊற்றுகள் சும்மா இருக்கும். ஆனாலும் தோட்டத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. உறவினர் மாட்டிக்கொண்டது அநேகமாக அப்படியொரு நாளில்தான். ஊற்றுதான் வேண்டுமென்றால் சனிக்கிழமை: 9 மணிக்கு அரண்மனை, பிற்பகல் தோட்டம், கடைசியில் 99 பீச்சல்கள் கொண்ட நெப்டியூன் குளம்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. நடக்க முடியுமா? – வாசகி, தஞ்சாவூர்

அரண்மனைக்குள் மட்டும் என்றால் முடியும். திரியானோன் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போகும் குட்டி ரயிலில் ஏற்றிவிடுங்கள். முற்றத்தில் கல் பாவியிருப்பதால் மெல்லிய செருப்பு வேண்டாம்.

கேள்வி: அரண்மனை தவிர ஊரில் பார்க்க ஏதாவது உண்டா? – வாசகர், புதுச்சேரி

உண்டு, பலர் தவறவிடுகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில், 1789 ஜூன் 20 அன்று, மக்கள் பிரதிநிதிகள் உறுதிமொழி எடுத்த ‘ழே தெ போம்’ பந்தாட்டக் கூடம் ஐந்து நிமிட நடைதான், நுழைவு இலவசம், பிற்பகலில் போங்கள். நோத்ர்தாம் சந்தை செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் களைகட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பழமும் ரொட்டியும் அங்கே வாங்கலாம். சாப்பிட மட்டும் தோட்டத்துக்கு அப்பால், கால்வாய்ப் பக்கம் இருக்கும் பூங்காவுக்குப் போய்விடுங்கள். அலங்காரத் தோட்டத்துக்குள் அனுமதியில்லை.

புதுச்சேரிக்காரர் என்பதால் இன்னும் இரண்டு. பிரிட்டனிடமிருந்து புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திரும்பியது 1783 செப்டம்பர் 3-இல் இந்த ஊரில் கையெழுத்தான உடன்படிக்கையால்தான். அன்றைய வெளியுறவு அலுவலகக் கட்டடம் இன்று நகர நூலகம். அமெரிக்க விடுதலையின் பெயர் கொண்ட தெருவில், அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னொன்று அரண்மனைக்குள்: 1787-இல் புதுச்சேரியில் கப்பலேறிய திப்பு சுல்தானின் மூன்று தூதர்களை 16-ஆம் லூயி 1788 ஆகஸ்ட் 10 அன்று வரவேற்றது ஹெர்க்குலிஸ் கூடத்தில். ஆங்கிலேயருக்கு எதிராகப் படையுதவி கேட்டு வந்தவர்கள் அவர்கள். கண்ணாடி மண்டபத்துக்கு விரையும் கூட்டம் இந்தக் கூடத்தைக் கடந்துதான் போகிறது. நீங்கள் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.