விண்டோஸ் மறுபடி போட்டபின் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா?

பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) டிஸ்க்கின் பெயர் வருகிறது, விண்டோஸை மறுபடி போட்டதிலிருந்து 'திஸ் பிசி'யில் மட்டும் காணோம் என்கிறீர்கள். அப்படியென்றால் கேபிளைக் குடைய வேண்டாம். பெரும்பாலும் டிரைவ் எழுத்துதான் (D:, E: போன்றது) விட்டுப்போயிருக்கும்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்ணை நம்பாமல் அளவை வைத்து அடையாளம் காணுங்கள். நீலப் பட்டை இருந்து எழுத்து இல்லையென்றால், அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' போய் ஓர் எழுத்தைக் கொடுங்கள், சரியாகிவிடும். 'ஆஃப்லைன்' என்றிருந்தால் இடப்பக்கப் பெட்டியில் ரைட் கிளிக் செய்து ஆன்லைன் ஆக்குங்கள்.

ஒன்று மட்டும்: 'இனிஷியலைஸ்', 'ஃபார்மேட்' என்று எது கேட்டாலும் கேன்சல். பழைய ஃபைல்கள் வேண்டுமல்லவா? கருப்புப் பட்டையில் 'அன்அலகேட்டட்' (ஒதுக்கப்படாத இடம்) என்று வந்தால், இன்ஸ்டால் செய்யும்போது பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) அழிந்திருக்கலாம். அந்த டிஸ்க்கில் எதையும் சேமிக்காமல், டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளில் தேடிப் பாருங்கள், அப்புறம் ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்.