சின்னச் சிப்பாய்களுக்கு நிறம் தீட்டுவது: கேட்டவர்களுக்குப் பதில்

ஓய்வு நேரத்தில் பழங்காலச் சிப்பாய் உருவங்களுக்கு நிறம் தீட்டத் தொடங்கிப் பதினாறு வருடமாகிறது. இந்தமுறை கேள்விகள் கனக்க வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டு எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, இப்போதுதான் தொடங்கப் போகிறேன். எந்த அளவு உருவம், என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

28 மி.மீ. உயரமான பிளாஸ்டிக் உருவம் வாங்குங்கள் தம்பி. 1/72 அளவில், அதாவது நிஜ ஆளின் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, வரும் பெட்டிகள் மலிவுதான், ஒரு பெட்டிக்குள் ஒரு படையே இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் வளைகிற மென்பிளாஸ்டிக், சவர்க்காரத் தண்ணீரில் நன்றாகக் கழுவாமல் பூசினால் துவக்கு முனையிலிருந்து பெயின்ட் உரிந்து வரும். 54 மி.மீ. வடிவாக இருக்கும், அதைக் கை பழகிய பிறகு எடுக்கலாம். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்டில் கறுப்பு, வெள்ளை, மண்ணிறம், காவிமஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளி போதும். பிரஷ் மட்டும் நல்லதாக வாங்குங்கள், 1 அல்லது 2 ஆம் இலக்கம், நுனி ஊசி போலக் கூட வேண்டும். எல்லோரும் முதலில் போய் வாங்குவது மூன்று சைபர் (000) என்கிற மிக மெல்லிய பிரஷ். அதன் நுனியில் நிற்கிற துளி பெயின்ட், ஃபேன் காற்றில், உருவத்தைத் தொடுமுன்னே காய்ந்துவிடும்.

தெஹிவளை: பெயின்டுக்கு முன் அடிப்பூச்சாக ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் மணல் மாதிரிச் சொரசொரக்கிறது. கடைசியில் மினுங்காத மேட் வார்னிஷ் அடித்தேன், எல்லாம் வெள்ளையாகப் புகை மூடிவிட்டது. என்ன பிழை?

இரண்டும் இரண்டு பிழை. மணல் போல வருவது, டப்பாவைத் தூரப் பிடித்ததால் துளிகள் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுவது. இருபது சென்ரிமீற்றருக்குக் கிட்டப் பிடியுங்கள். வெள்ளைப் புகைக்குக் காரணம் ஈரக்காற்று. கொழும்பில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். எனக்கும் ஒரு நவம்பரில், மழை விட்ட கையோடு பல்கனியில் வைத்து அடித்து, இரண்டு மாதம் வேலை செய்த பன்னிரண்டு பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் ஒரே நிமிடத்தில் பனி மூடியது போல ஆகிவிட்டார்கள். அன்றிரவு நித்திரையே வரவில்லை. பிறகு மினுங்குகிற வார்னிஷை பிரஷால் ஒரு கை பூசினேன், பெரும்பாலானவை தெளிந்து வந்தன, அது நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் மேட் வார்னிஷையும் பிரஷாலேயே பூசினேன். அதிலிருந்து இன்றுவரை இரண்டுக்கும் பிரஷ்தான். ஸ்ப்ரேதான் வேண்டுமென்றால் பெப்ரவரி போல ஒரு மாதத்தில், நல்ல வெயில் ஏறின பத்து மணிக்குப் பிறகு அடியுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி: நம்முடைய ஆட்களின் தோல் நிறம் எனக்குச் சரியாக வருவதே இல்லை. ஒன்றில் வெள்ளைக்காரரை வெயிலில் விட்டது போல, இல்லாவிட்டால் சாம்பல் பூசியது போல.

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் தங்கச்சி. பெட்டியில் 'தோல் நிறம்' என்று போட்டு வருவது ஐரோப்பியரின் இளஞ்சிவப்பு. அதற்குள் கொஞ்சம் மண்ணிறம் கலந்தால் நம்முடைய நிறம் ஆகிவிடாது. அதைத் தொடவே வேண்டாம்.

மண்ணிறத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு பங்கு மண்ணிறம், ஒரு பங்கு காவிமஞ்சள், ஊசிமுனை அளவு சிவப்பு. மோர் போலத் தண்ணீராக்கி இரண்டு தரம் பூசுங்கள். நிழலுக்குக் கறுப்பு போடக்கூடாது, முகம் செத்துவிடும். அதே கலவையில் கொஞ்சம் கருநீலமும் சிவப்பும் சேர்த்தால் நாவற்பழச் சாயல் ஒன்று வரும், அதைக் கண்குழி, மூக்கின் கீழ், தாடைக்கடி, வயிற்றுமடிப்பில் விடுங்கள். ஆகப் பெரிய பிழை வெளிச்சத்தில்தான். வெளிச்சம் என்றதும் வெள்ளையைக் கலக்கிறோம், சாம்பல் வருவது அதனால்தான். வெள்ளையை விட்டுவிட்டுக் காவிமஞ்சளைக் கூட்டுங்கள், மூக்குத்தண்டு, கன்னத்து எலும்பு, நெற்றி, தோள்மூட்டு, விரல் கணுக்கள். வியர்வை பட்ட கருந்தோலில் வெளிச்சம் சின்னதாக, கூராக விழும், அதனால் கடைசிப் பொட்டை மிகச் சிறிதாக வையுங்கள். கீழுதட்டில் கொஞ்சம் கருஞ்சிவப்பு.

அப்புறம், ஒரு படையில் பத்துப் பேருக்கும் ஒரே நிறம் பூசாதீர்கள். பஸ்ஸில் ஏறி ஒருக்கா சுற்றிப் பாருங்கள், ஒரு வரிசையிலேயே ஐந்து மண்ணிறம் இருக்கும். நான் மூன்று கலவை செய்து மாற்றி மாற்றிப் பூசுவேன். கண்ணுக்கு வெள்ளை போடவே வேண்டாம், 28 மி.மீ. உருவத்தில் இமைக்குக் கீழே ஒரு கருங்கோடு இழுத்தால் முகம் தானாகப் பார்க்கத் தொடங்கும்.

பம்பலப்பிட்டி: 1803 கண்டிப் போரில் இருந்த பிரிட்டிஷ் 19 ஆம் படைப்பிரிவைச் செய்கிறேன். எல்லோருக்கும் ஒரே சிவப்பா?

இல்லை. சாதாரணச் சிப்பாயின் கோட்டுத் துணிக்கு மஞ்சிட்டி வகைச் சாயம், அது செங்கல் போல மங்கல் சிவப்பு. அதிகாரிகளுக்கு விலைகூடிய பளிச்சென்ற சிவப்பு. சிப்பாய்க்குச் சிவப்பில் கொஞ்சம் மண்ணிறம் கலந்துவிடுங்கள், அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது வித்தியாசம் உடனே தெரியும். கழுத்துப்பட்டி, கைமடிப்பு பச்சை, அந்தப் படைப்பிரிவின் அடையாளமே அதுதான். மார்பின் குறுக்கே போகும் தோல்வார்களுக்குச் சாம்பலில் தொடங்கி ஓரத்தில் மட்டும் வெள்ளை. எதிரே நிற்கிற கண்டிப் பிரதானியின் கஸ்தானே என்கிற சிங்கமுக வாளின் பிடிக்கு, 1765 இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்டு 2023 இல் திரும்பி வந்த வாள்களின் படங்களைப் பாருங்கள். சிங்கமுகத்தின் பிடரி மடிப்புகளுக்குள் கருமண்ணிறம் இறக்கி, மேடான இடத்தில் மட்டும் பொன்னிறம் தடவினால் போதும்.

வத்தளையிலிருந்து ஓர் அக்கா: அப்பா சேர்த்து வைத்த பழைய உலோகச் சிப்பாய்கள் மேல் வெள்ளைத்தூள் பூத்திருக்கிறது. மகன் தொட்டு விளையாடலாமா?

கொடுக்க வேண்டாம் அக்கா. பழையவற்றில் ஈயம் இருக்கும், அந்தத் தூள் ஈயம் அரித்து வருவது, உள்ளே போனால் நஞ்சு. மர அலுமாரியிலிருந்து வருகிற அமில ஆவியும் ஈரமும் சேர்ந்தால் இப்படி ஆகும். கையுறை போட்டு ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடி அல்லது உலோகத் தட்டுக்கு மாற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று வையுங்கள். உலர்ந்தபடி சுரண்டவே கூடாது. பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூர்ப்படுத்துகிறவர்களும் அதை இன்றோடு விடுங்கள்.

வவுனியாவிலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்யும் தம்பி: வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைச் செய்ய ஆசை. உருவமும் கிடைக்கவில்லை, உடையும் தெரியவில்லை.

எனக்கும் பல வருட ஆசை அது. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன், அதே வருடம் ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டதை வெள்ளைக்காரனே கல்லில் வெட்டி வைத்தான். நாம் பார்க்கும் படங்களும் சிலைகளும் பின்னாள் கலைஞர்கள் மனதில் கண்டவை. அதனால் சினிமா ராசா போல மினுக்க வேண்டாம். இந்தியச் சிப்பாய் உருவம் ஒன்றை எடுத்து, பிசைந்து வைத்தால் இறுகும் எபொக்சி பச்சைமாவால் வேட்டியை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டியது போலச் செய்யுங்கள், மாவு இறுகுமுன் ஈரப் பல்குத்தியால் மடிப்பை இழுங்கள். துணிக்குப் பழுப்பேறிய வெள்ளை, ஓரத்தில் ஒரு கோடு சிவப்பு. அடித்தட்டில் வன்னிக் காட்டின் செம்மண்ணைச் சலித்துப் பசையில் தூவிவிடுங்கள், ஊருக்குப் போகும்போது ஒரு பிடி கொண்டுவந்தால் எனக்கும் கொஞ்சம் தாருங்கள்.