தண்ணீர்மலையில் முக்தி, இறங்கினால் பால்கனி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 44 வயது. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்த வெள்ளிக்கிழமைகளில் நேரே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறிவிடுவேன். 513 படி. மேலே போய் உட்கார்ந்தால் கண்ணீராக வரும். எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விடலாம், முக்தி ஒன்று போதும் என்று தோன்றும்.

இறங்கும்போதே கைப்பேசியில், கடலுக்கு அக்கரையில் இருக்கும் பத்து காவான் ஊர்ப் பக்கம் விற்பனைக்கு வந்திருக்கும் வீடுகளைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன். பால்கனி இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இப்போது இருப்பது மூன்று அறை ஃப்ளாட். மாமியார், கொழுந்தனார் குடும்பம் எல்லாம் சேர்த்து எட்டுப் பேர். என் கணவர் நல்லவர்; ஆனால் வாயே திறக்கமாட்டார். சாமியிடம் ஒன்று, கைப்பேசியில் ஒன்று. நான் போலியா?

பினாங்கு வாசகி

அன்புள்ள சகோதரி,

கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார அந்த ஃப்ளாட்டில் உங்களுக்கு இடம் இருக்கிறதா? இருப்பதாகத் தெரியவில்லை. யாரும் உங்களைக் கூப்பிடாத இடம் மலையுச்சி மட்டும்தான் போலிருக்கிறது. அங்கே வரும் கண்ணீரும் இறங்கும்போது தேடும் பால்கனியும் ஒரே களைப்பிலிருந்து வருகின்றன என்றே எனக்குப் படுகிறது. நம் மொழியில் முக்திக்கும் குடியிருக்கும் இடத்துக்கும் ‘வீடு’ என்றுதானே பெயர்!

அதற்காக உங்கள் பக்தி வெறும் களைப்பு என்று சொல்லமாட்டேன். பத்து காவான் வீட்டுச் சாவி நாளைக்கே கைக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் மலை ஏறுவீர்களா? ஏறுவீர்கள் என்றால், வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்த ஏக்கம் உங்களோடு இருக்கும். துறவு வேண்டி நின்ற தாயுமானவரையே அவருடைய மௌனகுரு இல்லறத்துக்குத் திருப்பி அனுப்பினார். திருமணமாகி, மகன் பிறந்து, மனைவி மறைந்த பிறகுதான் அவர் துறவியானார் என்கிறது அவர் வரலாறு.

முக்தியைப் பற்றிக் கணவரிடம் இப்போதைக்குப் பேசவேண்டாம், மனுஷன் பயந்துவிடுவார். தனி வீட்டைப் பற்றிப் பேசுங்கள். வீடு வாங்க ஊழியர் சேமநிதியிலிருந்து இரண்டு பேரும் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போடுங்கள். அங்கிருந்து பினாங்கின் இரண்டாவது பாலம் வழியாக வந்தால் பேக்டரியும் ரொம்பத் தூரமில்லை. திருவண்ணாமலைக்கும் போங்கள், பத்து நாள் லீவு, திரும்பி வர டிக்கெட்டோடு.

‘செத்துப்போனால் தேவலை’ என்கிற நினைப்பு எப்போதாவது வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, பசியாறாமல், தூங்காமல் மலை ஏறுகிறீர்கள். அந்த உடம்புக்கு அழுகை சீக்கிரம் வரும். ஒரே ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்து, சாயங்காலம் ஏறிப் பாருங்கள். மேலே உட்கார்ந்ததும் என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.