துபாயில் வீடு வாங்கலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் சென்னைத் துறைமுகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறேன். ஓய்வுக்காலப் பணமும், பழைய வண்ணாரப்பேட்டைப் பூர்வீக வீட்டை விற்றதில் வந்த என் பங்கும் சேர்ந்து 55 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. மகன் ஷார்ஜாவில் வேலை செய்கிறான். மகளை மணலியில் கொடுத்திருக்கிறோம்.

சென்ற மாதம் ஓட்டல் ஒன்றில் நடந்த வீட்டுக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். துபாயில் 5 லட்சம் திர்ஹாமுக்கு ஒரு ஸ்டூடியோ வீடு (ஒரே அறை), கட்டி முடியவில்லை, இப்போது 20 சதவீதம் கட்டினால் போதும், மீதி தவணையில், ஆண்டுக்கு 8 சதவீத வாடகை நிச்சயம், அங்கே வரியே கிடையாது, விசாவும் கிடைக்கும் என்றார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் டி.சி.எஸ். வரி தொந்தரவாக இருந்தால் வேறு வழியில் பணத்தைச் சேர்த்துவிடலாம் என்று ஒருவர் காதோடு சொன்னார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கேட்கிறார்கள். "பர்மாவில் நிலம் வைத்திருந்தவர்கள் கதைதான் நமக்கும்" என்கிறாள் என் மனைவி. பர்மாவிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்த ஒப்பீடு சரியா?

கே., தண்டையார்பேட்டை

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒப்பீடு பாதி சரி. அந்தப் பாதி எது என்று பார்த்துவிட்டால் உங்கள் கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் நிலம் வாங்கிக் குவித்தார்கள் என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அங்கே போனது வட்டிக்குக் கொடுக்கத்தான். 1930-இல் கீழ் பர்மாவின் நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய விவசாயிகளால் அசலும் கட்ட முடியாமல், வட்டியும் கட்ட முடியாமல் போனபோது அடமான நிலம் கைக்கு வந்து சேர்ந்தது. 1938-இல் அது 25 சதவீதமாகியிருந்தது. ஏட்டில் பார்த்தால் சொத்து நான்கு மடங்கு பெருகியிருந்தது. ஆனால் அதை விற்க ஆள் இல்லை, வந்த குத்தகையும் போதவில்லை, உள்ளூர் மக்களின் கோபம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. சுதந்திரம் பெற்ற பர்மா 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. 1962-இல் ராணுவ ஆட்சி வந்ததும் கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாகி, சாதாரணத் தமிழ்க் குடும்பங்களும் கப்பலேறின. அவர்களில் ஒரு பகுதியினர்தான் நம் வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரும், அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளும் அப்படி வந்தவைதான்.

நான் சிறுவனாக இருந்தபோது வியாசர்பாடியில் எங்கள் அடுத்த வீட்டில் அப்படித் திரும்பி வந்த ஒரு ஆயா இருந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில், வேப்பிலைச் சருகுக்குக் கீழே, நான்காக மடித்த ஒரு தாள் இருக்கும். ரங்கூனில் அவர்கள் வாழ்ந்த வீட்டின் பத்திரம் அது. வட்டம் வட்டமான பர்மிய எழுத்து. மூலையில் ஊதா முத்திரை. மடிப்பு விழுந்த இடத்தில் துணி போல நைந்திருக்கும். அதில் எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியாது, எங்கள் தெருவில் யாராலும் முடியாது. ஆடி வெயிலில் பெட்டியைக் காயப்போடும்போது அதையும் விரித்து வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு படியைக் கவிழ்த்து வைப்பார். அந்த வீட்டை யாரும் அவரை ஏமாற்றிப் பறிக்கவில்லை, பத்திரத்திலும் குறையில்லை. வீடு நின்ற நாட்டின் சட்டம் மாறியது, அவ்வளவுதான்.

துபாய் பர்மா இல்லை. 2002-இல் வெளிநாட்டவருக்கு முழு உரிமையோடு வீடு விற்க வழி திறந்த நாள் முதல், அந்த ஊரின் வளர்ச்சியே வெளியார் பணத்தை நம்பி நிற்கிறது. அதை அவர்களே கெடுத்துக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் மனைவி சொல்வதில் சரியான பாதி இதுதான்: பங்கையும் தங்கத்தையும் ஒரு நாளில் விற்றுவிட்டுத் திரும்பிவிடலாம், வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது, வாங்கியவருக்கு ஓட்டுரிமை இல்லாத ஒரு நாட்டின் விதிகளுக்குக் கட்டுப்பட்டே அது நிற்க வேண்டும். விதிகள் மாறுவதற்கு ராணுவம் வரவேண்டியதில்லை. சிங்கப்பூரில் வீடு வாங்கும் வெளிநாட்டவர் கட்டும் கூடுதல் முத்திரை வரி 2023 ஏப்ரலில் ஒரே இரவில் 30 சதவீதத்திலிருந்து 60 ஆனது. கனடா அதே ஆண்டு வெளிநாட்டவர் வீடு வாங்குவதையே தடை செய்தது. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் ஈராண்டுகளுக்கு, ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளை வெளிநாட்டவர் வாங்க முடியாதபடி செய்திருக்கிறது. இவை வாங்க வருபவரைத் தடுக்கும் விதிகள்தானே என்று தோன்றும். ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருபவரும் பெரும்பாலும் இன்னொரு வெளிநாட்டவர்தான்.

ஆதாயப் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே திர்ஹாமில் சொத்து வைப்பது டாலரில் வைப்பதைப் போலத்தான். 2004-இல் 45 ரூபாய்ச் சுற்றில் இருந்த டாலர் 2024-இல் 84-ஐத் தொட்டது. வீட்டின் விலை ஒரு காசுகூட ஏறாமல் இருந்திருந்தாலும், ரூபாய்க் கணக்கில் ஆண்டுக்கு 3 சதவீதம் கிடைத்திருக்கும். இது கண்காட்சிக்காரர் சொல்லும் கதையல்ல, உண்மையான ஆதாயம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் பணம் கட்டுநரின் சொந்தக் கணக்குக்குப் போகாமல் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில்தான் சேர வேண்டும் என்று 2007-இல் அங்கே சட்டமும் செய்தார்கள்.

அந்தச் சட்டம் வந்த அடுத்த ஆண்டே என்ன நடந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 2008 இறுதியில் உடைந்த துபாய் வீட்டு விலை, ஓர் ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதியாக வீழ்ந்தது. திட்டங்கள் பல அஸ்திவாரத்தோடு நின்றன. 2009 நவம்பரில் அரசு நிறுவனமான துபாய் வேர்ல்டே கடன் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டது. விலை பிறகு ஏறியது உண்மை. ஏறும்வரை காத்திருக்க முடிந்தவருக்கு அது ஒரு செய்தி, தவணை கட்ட முடியாமல் நின்றவருக்கு அது வேறு செய்தி.

நீங்கள் இந்த இரண்டாவது வகையில் சேர்ந்துவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்தாலே 5 லட்சம் திர்ஹாம் 1 கோடியே 15 லட்சம் ரூபாய். உங்களிடம் இருப்பது அதில் பாதிகூட இல்லை. மீதிக்கு இங்கே கடன் வாங்கலாம் என்றால், வெளிநாட்டில் சொத்து வாங்க அனுப்பும் பணத்துக்கு இந்திய வங்கிகள் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தண்டையார்பேட்டை வீட்டை வைத்தும் அதற்காக வாங்க முடியாது. சாவி வாங்குமுன் கைமாற்றிவிடலாம் என்று சொல்லியிருப்பார்கள். அதற்குக் கட்டுநரின் தடையில்லாச் சான்று வேண்டும், கணிசமான பகுதியைக் கட்டிய பிறகே அதைக் கொடுப்பார்கள். தவணை நின்றால், கட்டடம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து 25 அல்லது 40 சதவீதம் வரை பிடித்துக்கொண்டு ஒப்பந்தத்தை முறிக்கத் துபாய்ச் சட்டம் கட்டுநரை அனுமதிக்கிறது. கவனியுங்கள், நீங்கள் கட்டிய தொகையில் அல்ல, வீட்டின் மொத்த விலையில் 40 சதவீதம். 46 லட்சம் ரூபாய். உங்கள் கையிருப்பே ஏறக்குறைய அவ்வளவுதான்.

8 சதவீத வாடகையையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அது ஆண்டுக்கு 40,000 திர்ஹாம். 400 சதுர அடிக்கு அடிக்கு 15 வீதம் பராமரிப்புக் கட்டணம் 6,000. வாடகைக்கு ஆள் பிடித்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு ஒரு 2,500. ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 3,300. மிஞ்சுவது 28,200. நீங்கள் போட்ட பணமோ 4 சதவீதப் பதிவுக் கட்டணத்தையும் சேர்த்து 5,20,000. கணக்குப் போட்டால் 5.4 சதவீதம்தான் வருகிறது. இந்த உபசெலவுகள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் கட்டடத்துக்கு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். "நிச்சயம்" என்ற சொல்லுக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்றால், அந்த வாடகையை வீட்டு விலையில் ஏற்றிவைத்து உங்கள் பணத்தையே உங்களுக்குத் திருப்பித் தருகிறார்கள் என்பதே பெரும்பாலும் பொருள்.

அங்கே வரி இல்லை என்பது உங்கள் மகனுக்கு உண்மை, உங்களுக்கு இல்லை. இந்தியாவில் குடியிருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வாடகையில் 30 சதவீதம் கழித்துக்கொண்டு மீதியை உங்கள் வருமானத்தோடு சேர்க்க வேண்டும். வருமான வரிக் கணக்குக்கான எளிய சஹஜ் படிவம் இனி உங்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும். தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 லட்சம் ரூபாய் அபராதம் விழக்கூடும். 20 லட்சம் ரூபாய் வரை 2024-இல் கொடுத்த விலக்கிலும் அசையாச் சொத்தைச் சேர்க்கவில்லை. விசா விஷயம் சுருக்கம்: பத்தாண்டு கோல்டன் விசாவுக்கு 20 லட்சம் திர்ஹாம் சொத்து வேண்டும், உங்களுக்குக் காட்டியது அதில் கால் பங்கு.

பணம் அனுப்பும் வரம்பில் சிக்கல் இல்லை. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் இந்தக் காரியத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். உண்டு. 55 லட்சத்தையும் ஒரே ஆண்டில் அனுப்பினால் 9 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்தான், ஆனால் அதுவரை அது உங்கள் கையில் இல்லை. இதைத் தவிர்க்க அந்த மனிதர் காதோடு சொன்ன வழிக்கு மண்ணடியில் ஒரு பெயர், சட்டத்தில் இன்னொரு பெயர். ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: வங்கி வழியாகப் போகாத பணத்தில் வாங்கிய வீட்டை விற்றால், அந்தப் பணத்தை நேர்வழியில் ஊருக்குக் கொண்டுவர உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. அந்த ஆளோடு இனிப் பேச வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டீர்கள். துபாய் வீடு உங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை, உங்களுக்கு ஆகாது என்கிறேன். ஷார்ஜாவில் இருக்கும் மகனுக்கு அங்கேயே சம்பளம், அங்கேயே வங்கிக் கடன் கிடைக்கும் வாய்ப்பு. குழாய் ஒழுகினால் அரை மணி நேரத்தில் போய்ப் பார்க்கலாம். அவர் சம்பாத்தியத்தில், அவர் பெயரில், கட்டி முடித்த வீடாகப் பார்த்து வாங்கட்டும். உங்கள் 55 லட்சம் உங்கள் இருவரின் மருத்துவத்துக்கும் சோற்றுக்குமான பணம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடந்துபோய் எடுக்கிற தூரத்தில் அது இருக்க வேண்டும். அதில் மணலியில் இருக்கும் மகளுக்கும் ஒரு கண் இருக்கும். பூர்வீக வீட்டை விற்ற பணம் கடல் தாண்டி அண்ணன் இருக்கும் ஊரில் வீடானால், உங்களுக்குப் பிறகு அதைப் பங்கு பிரிக்க இரண்டு நாட்டுச் சட்டம் தேவைப்படும். வண்ணாரப்பேட்டை வீட்டைப் பிரித்தபோது எத்தனை முறை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்தீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். மாதக் கடைசி போகட்டும். இன்று விற்கிற வீடு அடுத்த மாதமும் விற்கும். அதற்குள் மகனிடம் ஒரு வேலை சொல்லுங்கள். அந்த வீடு வரப்போகிற பகுதியில், முன்பே கட்டி முடித்துச் சாவி கொடுத்த கட்டடம் ஒன்றுக்கு எதிரே இரவு எட்டு மணிக்குப் போய் நின்று, எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணிவிட்டு வரச் சொல்லுங்கள்.