நாலு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கிட்ட அம்மா போயிட்டாங்க, இந்த துக்கத்தை எப்படி சமாளிக்கிறது?

நீங்க எழுதினதை ரெண்டு மூணு தடவை படிச்சேன். அம்மா போய் மூணு மாசம் ஆகுது, நாலு வருஷம் நீங்கதான் கூட இருந்து எல்லாம் செஞ்சீங்க, இப்ப வர்றவங்க எல்லாரும் "அவங்களுக்கும் விடுதலை உனக்கும் விடுதலை"ன்னு சொல்லிட்டு போறாங்க, ஆனா உங்களுக்கு தூக்கம் இல்ல, எதையோ சரியா செய்யாம விட்டுட்டோம்னு உறுத்திக்கிட்டே இருக்கு, அவங்க கட்டிலும் மருந்தும் அப்படியே கெடக்கு, எடுக்க மனசு வரல. இதை எல்லாம் நான் எங்க அப்பா விஷயத்துல பட்டவ. அதனால எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் முழுக்க இழுத்துக்கிச்சு. பேச்சும் போச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம், "வா". தண்ணி வேணும்னாலும் "வா", வலிக்குதுன்னாலும் "வா", டிவி சத்தத்தை குறைன்னாலும் "வா". மூளையில இடது பக்கம் அடிபட்டா பேச்சு இப்படி போறதும், ஒரு வார்த்தை மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கறதும் உண்டுன்னு டாக்டர் சொன்னாரு. நாளடைவில அந்த ஒரு வார்த்தையிலயே எது எதுன்னு எனக்கு தெரிய ஆரம்பிச்சுது. அப்படி நாலே கால் வருஷம்.

படுத்தே இருக்கறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்தி படுக்க வைக்கணும்னு சொல்லுவாங்க, இல்லன்னா ஒரே இடத்துல அழுத்தம் பட்டு ரத்தம் ஓடாம படுக்கைப் புண் வந்துடும். நீங்களும் செஞ்சிருப்பீங்க. என் போன்ல 10, 12, 2, 4ன்னு ராத்திரிக்கு நாலு அலாரம், ஒண்ணுக்கு "இடது" இன்னொண்ணுக்கு "வலது"ன்னு பேர் மாத்தி மாத்தி போட்டு வச்சிருப்பேன். அப்பா போன அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு "இடது" அடிச்சுது. நான் எழுந்து கட்டில் வரைக்கும் போயிட்டேங்க. முதுகுக்குப் பின்னாடி அண்டை குடுக்கற தலையணையை கையில எடுத்துட்டேன். அப்புறம்தான் மெத்தை காலியா இருக்கறது கண்ணுல பட்டுது.

உங்களுக்கு தூக்கம் வராததுக்கு ஒரு காரணம் இதுவா இருக்கலாம்னு எனக்கு தோணுது. வெளியூர்ல இருந்து வந்து போன எங்க அண்ணனுக்கு அப்பா போனாரு, அவ்வளவுதான், அதுவே பெரிய வலிதான், இல்லன்னு சொல்லல. ஆனா கூட இருந்து பார்த்தவளுக்கு அப்பாவும் போய், காலையில எழுந்தா எதை முதல்ல செய்யணும்ங்கற கணக்கும் போயிடுச்சு. மருந்து நேரம், டயப்பர், நாலு வருஷமா ஒரு காதை எப்பவும் அந்த ரூம் பக்கமே வச்சிருந்த பழக்கம், இதெல்லாம் ஒரே நாள்ல நின்னுபோனா உடம்புக்கு புரியறதுக்கு மாசக்கணக்கு ஆகும். நான் அலாரத்தை உடனே எடுக்கல. முதல்ல 12ஐ எடுத்தேன், ரெண்டு வாரம் கழிச்சு 4, அப்புறம் 10. ரெண்டு மணி அலாரம் ரொம்ப நாள் இருந்துச்சு, அது அடிக்கும், எழுந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு படுத்துக்குவேன். ஒரேயடியா நிறுத்தணும்னு உங்களை யாராவது அவசரப்படுத்தினா கேட்காதீங்க.

அந்த "விடுதலை" பேச்சுக்கு வர்றேன். அது ஏன் அவ்வளவு சுடுதுன்னா, அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கறதாலதான். அப்பா போய் நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, நான் முதல் தடவையா ஏழு மணி நேரம் சேர்ந்தாப்புல தூங்கி எழுந்தேன். உடம்பு அவ்வளவு லேசா இருந்துச்சு. அடுத்த நிமிஷமே, அப்பா செத்ததுல எனக்கு சுகமான்னு நெஞ்சை பிடிச்சு பிசைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. இதை யார்கிட்டயும் சொல்லல, ஒரு வருஷம் சொல்லல. அப்புறம் கடைசி ஆறு மாசம் வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்த நர்ஸ் அக்காகிட்டதான் சொன்னேன், அவங்க கொஞ்சமும் அதிர்ச்சி ஆகல, "பார்த்துக்கிட்ட எல்லாரும் சொல்றதுதாம்மா இது, நீ ஓய்வுக்குதான் ஏங்கின, அவர் சாவுக்கு ஏங்கல"ன்னாங்க. நான் இன்னைக்கும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கேன். நீங்களும் பிடிச்சுக்கங்க.

குற்ற உணர்ச்சி பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா எனக்கு துக்கத்தை விட இதுதான் அதிகமா இருந்துச்சு. ஒரு ராத்திரி அப்பா எட்டு ஒம்போது தடவை "வா, வா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு, ஒவ்வொரு தடவையும் போறேன், என்ன வேணும்னு தெரியல, கடைசியில "வந்துட்டுதானேப்பா இருக்கேன், இன்னும் எத்தனை தடவை வரணும்"னு கத்திட்டேன். அவர் அப்படியே வாயை மூடிக்கிட்டாரு. விடியிற வரைக்கும் கூப்பிடவே இல்ல. அந்த மௌனம் எனக்கு இன்னும் கேட்குது. இதுக்கு நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்? சமாதானம் இல்ல. அது நடந்தது, நான் கத்தினேன். ஆனா அந்த வாரம் முழுக்க நான் எத்தனை மணி நேரம் தூங்கினேன்னு பின்னாடி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், ஒரு ராத்திரிக்கு மூணு மணி நேரம் கூட வரல. அந்தப் பொண்ணு வேற யாராவதா இருந்தா நான் அவளை திட்டுவேனா, இல்ல போய் படும்மா நான் பார்த்துக்கறேன்னு சொல்லுவேனா?

இன்னொண்ணு, "முன்னாடியே ஆஸ்பத்திரி கூட்டிட்டு போயிருந்தா", "அந்த மூச்சிரைப்பை அன்னைக்கே கவனிச்சிருந்தா"ங்கற கேள்வி. 1975ல பரூக் ஃபிஷ்ஹாஃப்ங்கற உளவியல் ஆய்வாளர் ஒரு விஷயத்தை காட்டினாரு, ஒரு காரியம் எப்படி முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுட்டா, அது முதல்லயே தெரிஞ்சிருக்கக் கூடியதுதான்னு நம்ம மனசு நம்ப ஆரம்பிச்சுடும், முடிவு தெரியாம இருந்தப்ப நமக்கு எவ்வளவு கொஞ்சம் தெரிஞ்சிருந்துச்சுங்கறதே மறந்துடும். நான் இதை படிச்சப்ப அப்பாவோட நோட்டை எடுத்தேன். தினமும் பிபி, மலம், காய்ச்சல் எல்லாம் குறிச்சு வச்ச நோட்டு. கடைசி ரெண்டு வாரத்துல நான் எழுதியிருந்தது, "இன்னைக்கு பரவாயில்ல", "சளி கொஞ்சம்", "நல்லா தூங்கினார்". அன்னைக்கு எனக்கு தெரிஞ்சது அவ்வளவுதான். உங்ககிட்ட அப்படி ஏதாவது நோட்டு, வாட்ஸ்அப்ல டாக்டருக்கு அனுப்பின மெசேஜ் இருந்தா எடுத்துப் பாருங்க, அன்னைக்கு இருந்த நீங்க எவ்வளவு கவனமா இருந்திருக்கீங்கன்னு தெரியும்.

அப்புறம் தண்ணி. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் விழுங்கறது சரியா இல்ல, கடைசி ரெண்டு நாள் சுத்தமா முடியல, குடுத்தா நுரையீரலுக்கு போயிடும்னு உதட்டை மட்டும் நனைக்க சொன்னாங்க. அப்பா "வா"ங்கறாரு, அது தண்ணிக்கான "வா"ன்னு எனக்கு தெரியும், நான் பஞ்சை நனைச்சு உதட்டுல வைக்கறேன். தண்ணி கூட குடுக்காம அனுப்பிட்டேனேன்னு எத்தனை நாள் அழுதிருப்பேன். நர்ஸ் அக்காதான் இதையும் விளக்கினாங்க, கடைசி நாட்கள்ல உடம்பு ஒவ்வொண்ணா வேலையை நிறுத்திக்கிட்டு வரும், சாப்பாடும் தண்ணியும் உள்ள போனாலும் அதை வச்சு உடம்பால ஒண்ணும் செய்ய முடியாது, அப்ப பெரும்பாலும் அவங்களுக்கு தொந்தரவா இருக்கறது வாய் காஞ்சு போறதுதான், அதுக்கு உதட்டையும் வாயையும் நனைச்சுக்கிட்டே இருக்கறதுதான் சரியான கவனிப்பு. உங்க அம்மா கடைசியில சாப்பிடாம போனதை நினைச்சு நீங்க உங்களை குத்திக்கிட்டு இருந்தா, சாப்பாடு நின்னதால உயிர் போகல, உயிர் அடங்க ஆரம்பிச்சதாலதான் சாப்பாடு நின்னுச்சு.

துக்கம் அஞ்சு படியா வரும், மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுன்னு யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பாங்க. எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969ல அதை எழுதினது, சாகப் போறோம்னு தெரிஞ்ச நோயாளிகளோட பேசினதை வச்சு. இழந்துட்டு நிக்கறவங்களுக்குன்னு அதை இழுத்துக்கிட்டு வந்தது பின்னாடிதான். அதனால எனக்கு கோபமே வரலையே, ரெண்டாவது படியிலேர்ந்து முதல் படிக்கு போயிட்டேனேன்னு எல்லாம் கவலைப்படாதீங்க. எனக்கு பொருந்தி வந்தது 1999ல மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட்னு ரெண்டு பேர் சொன்னது, இழந்தவங்க ரெண்டு பக்கமும் போய் போய் வருவாங்க, கொஞ்ச நேரம் இழப்புக்குள்ள, கொஞ்ச நேரம் பேங்க் வேலை, கரண்ட் பில், பிள்ளைங்க ஹோம்வொர்க்னு அடுத்த வாழ்க்கைக்குள்ள, இந்த ஊசலாட்டமே ஆறுற வழிதான்னு. மத்தியானம் சிரிச்சுட்டு சாயங்காலம் தேம்பி அழறது எனக்கு ரொம்ப நாள் இருந்துச்சு. சிரிச்சது பொய்யில்ல, அழுததும் பொய்யில்ல.

ஆனா ஒண்ணு கவனிக்கணும். மாசங்கள் போகப் போக அலை கொஞ்சமாவது இடைவெளி விட்டு வரணும். ஒரு வருஷம் ஆகியும் ஏக்கம் கொஞ்சமும் குறையாம தினமும் அப்படியே இருந்து, வேலை, வீடு எதையும் தொட முடியலன்னா அதுக்குன்னே தனி சிகிச்சை இருக்கு, 2022ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட கையேட்டுல நீடித்த துக்கம்னு அதை தனியாவே சேர்த்துட்டாங்க. அதுவே "நானும் போயிடலாம்"னு எண்ணம் வந்தா ஒரு நாள் கூட காத்திருக்காதீங்க, அன்னைக்கே பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க, டாக்டரை பாருங்க. உடம்பையும் ஒரு தடவை காட்டிடுங்க, நாலு வருஷம் உங்க பிபியை யாரு பார்த்திருப்பா? எனக்கு ரெண்டு பல் சொத்தையாகி, முதுகு போய், ரத்தசோகையும் இருந்துச்சு, அந்த சோர்வை எல்லாம் நான் துக்கம்னே நினைச்சுக்கிட்டிருந்தேன்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருந்த ஒண்ணு, அப்பான்னு நினைச்சாலே படுக்கையில இருந்த அப்பாதான் வருவாரு. ஒட்டின கன்னம், வாய் ஓரம் எச்சில், அந்த "வா". அதுக்கு முன்னாடி அறுபத்தெட்டு வருஷம் நடமாடின மனுஷனை இந்த நாலு வருஷம் முழுங்கிடுச்சு. குரலே ஞாபகம் வரல. ஒன்றரை வருஷம் கழிச்சு பழைய டைரி ஒண்ணு கிடைச்சுது, கடைசி பக்கத்துல என் பேர் இருபது தடவையாவது இருக்கும், கோணலும் மாணலுமா, ஊதா மையில கருப்பு மையில. புது பேனா வாங்கினா எழுதுதான்னு பார்க்க அப்பா என் பேரைத்தான் கிறுக்குவாரு, அந்த வலது கையால. "என்னம்மா, உன் பேருக்கு மை நல்லா இறங்குது பாரு"ம்பாரு. அந்தக் குரல் அப்படியே வந்துடுச்சு. அதனால சொல்றேன், அம்மா நல்லா இருந்த காலத்து ஆளுங்களை தேடிப் போய் பேசுங்க, அவங்களோட வேலை பார்த்தவங்க, பழைய அக்கம்பக்கம், நோயை பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களா இருந்தா இன்னும் நல்லது.

கட்டில், மருந்து பத்தி கேட்டீங்க. மருந்தை மட்டும் தள்ளிப் போடாதீங்க, அதுலயும் வலிக்கு குடுத்த மார்ஃபின் மாதிரி மருந்தும் தூக்க மாத்திரையும் தூக்கம் இல்லாத ஆள் இருக்கற வீட்டுல இருக்கவே கூடாது, ஆஸ்பத்திரியிலயோ மருந்துக் கடையிலயோ கேட்டு திருப்பி ஒப்படைச்சுடுங்க, தனியா முடியலன்னா யாரையாவது கூட கூட்டிக்கிட்டு போங்க. மத்த எதுக்கும் அவசரமே இல்ல. அப்பா கட்டில் எங்க வீட்டுல ஏழு மாசம் இருந்துச்சு.

வீல்சேரை அதுக்கும் அப்புறம்தான் குடுத்தேன், தெரிஞ்சவங்க ஒருத்தங்களோட அம்மாவுக்கு. அதோட வலது கைப்பிடியில ஒரு பழைய துண்டை மடிச்சு சுத்தி நூலால தைச்சிருந்தேன், அப்பாவோட செயலிழந்த கை நழுவி சக்கரத்துல மாட்டாம இருக்கறதுக்காக. குடுக்கறப்ப அதை பிரிக்கணும்னு கத்திரிக்கோல் எடுத்தேன், கை வரல, அப்படியே குடுத்துட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு அவங்க வீட்டுக்கு போனா அந்த அம்மா ஜன்னல் பக்கமா வீல்சேர்ல உட்கார்ந்திருந்தாங்க. "இந்தத் துணி நீங்க சுத்தினதாக்கா? அம்மா கை நழுவாம நிக்குது, அதான் அவிழ்க்காம விட்டுட்டேன்"னு அந்தப் பொண்ணு சொன்னா. அந்த அம்மாவோட கை துண்டு மேல இருந்துச்சு. நான் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.