அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களுக்காக விற்ற பாட்டுத் தாள்கள்: உண்மையான துக்கமா, வெறும் வியாபாரமா?

வியாபாரம்தான், அதில் சந்தேகமே இல்லை. அதற்காக அந்தத் துக்கத்தைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒற்றைத் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு. பாட்டு வரிகள் இருக்கும், இசைக்குறிப்பு இருக்காது. பல தாள்களில் தலைப்புக்குக் கீழே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். மெட்டு ஏற்கெனவே ஊருக்கே தெரியும் என்பதால், பியானோ இல்லாத வீட்டிலும் பாடிவிடலாம். நியூயார்க்கில் டி மார்சன், சார்லஸ் மேக்னஸ் போன்றவர்கள் இப்படி அச்சடித்துத் தள்ளினார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 4,000-க்கும் மேற்பட்ட தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு வாரம் இரவெல்லாம் அதிலேயே கிடந்தேன். ஓரத்துச் சித்திரங்கள்தான் முதலில் உறுத்தின. ஒரே அலங்காரக் கட்டத்துக்குள் வேறு வேறு பாட்டுகள்! கையில் இருந்த அச்சுக்கட்டையைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

1861 மே 24 அன்று வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியாவில் ஒரு விடுதிக் கூரையில் பறந்த, பிரிந்துபோன தென் மாநிலங்களின் கொடியை இறக்கிவிட்டுப் படியிறங்கும்போது கர்னல் எல்ஸ்வொர்த் சுடப்பட்டார். வடக்குத் தரப்பில் இறந்த முதல் அதிகாரி அவர், லிங்கனுக்கு நெருங்கியவரும்கூட. அவர் பெயரில் பாட்டுகள் குவிந்தன. கொடி, தியாகம், பழிக்குப் பழி... இரண்டு மூன்று படித்ததும் எனக்கு அலுத்துவிட்டது.

அப்புறம் ‘காலி நாற்காலி’ பாட்டுக்கு வந்தேன். அதே 1861 அக்டோபரில் பால்ஸ் பிளஃப் சண்டையில் இறந்த 18 வயது லெப்டினென்ட் ஜான் வில்லியம் கிரௌட்டுக்காக ஹென்றி வாஷ்பர்ன் எழுதியது. ஜார்ஜ் ரூட் இசையமைத்தார். நன்றி நவிலல் நாளில் குடும்பம் கூடுகிறது, ஒரு நாற்காலியில் ஆளில்லை. அவன் நெற்றியில் என்றும் புகழ்மாலை இருக்கும் என்று பிறர் சொல்வதைப் பாட்டு மறுக்கவில்லை. ஆனால் இப்போது நெஞ்சை அறுக்கும் வலியைக் கொஞ்சம் தணிப்பதற்கு மேல் அந்தப் புகழால் ஒன்றும் ஆகாது என்கிறது. போர் நடக்கும்போதே, காசுக்கு விற்ற தாளில் இந்த வரி!

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டுக்குள் கிரௌட் என்ற பெயர் வருவதில்லை, ‘வில்லி’ என்ற செல்லப் பெயர்தான். எதிர்த்தரப்பான தெற்கிலும் இதைப் பாடினார்கள். அங்கேயும் வில்லிகள் இருந்தார்கள் அல்லவா?