பழைய காலத்துத் தீவு ராஜ்ஜியத்தில் கன்பூசிய அதிகாரியாக இருந்தால் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்?

கன்பூசிய அதிகாரி, அதாவது சீன ஞானி கன்பூசியஸின் வழிவந்த அறநூல்களைப் படித்த அதிகாரி என்றதும் தாடியைத் தடவிக்கொண்டு கவிதை எழுதும் பெரியவர்தான் பலருக்கும் ஞாபகம் வருவார். ரியூக்யூவின் சாய் ஒன் (1682–1761) கதையைப் படித்தால் பொதுப்பணித் துறை இன்ஜினியர் ஞாபகம்தான் வரும். ரியூக்யூ என்பது இன்றைய ஒகினாவா.

சீனாவின் ஃபுஜியானிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த குமே கிராமத்துக்காரர். சின்ன வயதில் படிப்பே ஏறவில்லையாம், நிலாப் பார்க்கப் போன இடத்தில் தன்னைவிட அந்தஸ்தில் குறைந்த பையன் ஒருவன் 'நல்ல துணி உடுத்தி என்ன, படிப்பு இல்லையே' என்கிற மாதிரி கேலி செய்ததில் ரோஷம் வந்ததாக அவரே வயதான காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் சீனாவின் ஃபூஜோவில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்து மன்னர் ஷோ கெய்யின் ஆசிரியராகி, 1728-இல் மூன்று பிரதம அமைச்சர்களில் ஒருவரானார்.

ராஜ்ஜியத்தின் நிலைமைதான் சிக்கல். 1609-இல் படையெடுத்து வந்த ஜப்பானின் சத்சுமா பிரபுக்களுக்கு வரி கட்ட வேண்டும், சீனப் பேரரசருக்குக் கப்பமும் அனுப்ப வேண்டும், சத்சுமாவுக்குக் கட்டுப்பட்டிருப்பதைச் சீனாவிடம் காட்டிக்கொள்ளவும் கூடாது. சீனத் தூதர்கள் வந்தால் சத்சுமா ஆட்கள் ஊருக்கு வெளியே போய் ஒதுங்கிக்கொள்வார்கள். 1719-இல் வந்த தூதுக்குழு கொண்டுவந்த சரக்கை எல்லாம் வாங்க அரசிடம் வெள்ளி போதவில்லை. பேரம் பேசியது சாய் ஒன்தான். மக்களின் கொண்டை ஊசிகளையும் பாத்திரங்களையும் வாங்கிச் சேர்த்துத்தான் அதைச் சமாளித்தார்கள்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது மரக்கணக்கு. அரண்மனைக்கும் கப்பலுக்கும் மரம் வேண்டும், தீவோ சின்னது. ஒரு முழு மரத்தைக் குடைந்து ஒரே ஒரு படகு செய்வது வீண் என்று அதற்குத் தடை போட்டு, பலகைகளை இணைத்துக் கட்டும் படகுக்கு மாறச் சொன்னார். 1735-இல் வடக்கே ஹனேஜி ஆறு வெள்ளத்தில் கரையை உடைத்தபோது நேரில் போய்த் தங்கி வேலை வாங்கினார். அறநூல் படித்தவர் மண்ணில் இறங்கியது அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை, குடிகள் பிழைக்க வழி செய்வதும் அந்தப் படிப்பில் சேர்த்திதான்.

ஆனால் அவரைச் சாந்த சொரூபி என்று நினைத்துவிட வேண்டாம். சத்சுமா அதிகாரிகளிடம் அவர் ஆட்சியைப் பற்றிப் புகார் எழுதிய ஹெஷிகியா சோபின் என்ற நாடகாசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் 1734-இல் கொல்லப்பட்டார்கள். காட்டைக் காப்பாற்றியதற்காக இதை மறந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.